கழனித் தண்ணி எங்கே போவுது?

உழவைப் பற்றி எழுதச் சொன்னால் இந்த ஆள் படகைப் பற்றி எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். சுற்றி வந்து கழனிக்குத்தான் சேருவேன்.

எனக்கு வயது அறுபத்தாறு. வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பத்தாண்டுகள் தி.நகரிலும் மயிலாப்பூரிலும். ஓய்வு பெற்றதும் செய்யூர் பக்கம் மூன்றரை ஏக்கர் வாங்கினேன். இது ரசாயனம் இல்லாமல் செய்யும் ஆறாவது வருஷம். மகள் குடும்பம் அடையாறில் இருக்கிறது. மாதம் இரண்டு தடவை அரிசி, கீரை, காய் மூட்டையோடு போய் வருவேன்.

போன ஜனவரியில் அப்படிப் போனபோது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பேரன் பிடித்துக்கொண்டான். "தாத்தா, கயாக்கிங் கத்துக்கப் போறேன். வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கூட வரணுமாம். அப்பாவுக்கு லீவு இல்ல. நீங்க வாங்க."

கயாக் என்பது ஒருவர் அல்லது இருவர் உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டை வைத்த துடுப்பால் தள்ளும் ஒல்லிப் படகு. வட துருவத்தை ஒட்டி வாழும் இனுவிட் மக்கள் மரச்சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துக் கட்டி, வேட்டைக்குப் பயன்படுத்திய படகு அது. இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. முட்டுக்காடு, கோவளம் பக்கம் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நான் கேட்டேன்: "அடையாறு ஆறு வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுது. அதை விட்டுட்டு முட்டுக்காட்டுக்கு ஏன் போகணும்?"

பேரன் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. பிறகு பயிற்சி தரும் தம்பியும் அதையேதான் சொன்னார்: "சார், புதுசா கத்துக்கறவங்க பத்து தடவையாவது தண்ணியில விழுவாங்க. அடையாத்துல விழ வைக்க முடியுமா?"

உண்மைதான். அடையாற்றில் 1867-லேயே மெட்ராஸ் போட் கிளப் தொடங்கிவிட்டது. இன்றும் அங்கே துடுப்புப் படகுப் பயிற்சி நடக்கிறது. ஆனால் விழாமல் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீர். சாக்கடை கலந்த தண்ணீரில் கால் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். சேற்றில் இறங்கும் நமக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

மயிலாப்பூருக்கு வந்த படகுகள்

மயிலாப்பூர் கிளையில் இருந்தபோது தினமும் பக்கிங்காம் கால்வாயைத் தாண்டித்தான் போவேன். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டியதோடு சரி. அது என்ன கால்வாய் என்று யோசித்ததில்லை. முட்டுக்காட்டுக்குப் போவது என்று ஆனதும் படித்துப் பார்த்தேன்.

1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்ட ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் இருந்து நம்ம மரக்காணம் வரைக்கும் சுமார் 420 கிலோமீட்டர் ஆக்கியிருக்கிறார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைப்பது ஒரு எட்டு கிலோமீட்டர் துண்டு. மயிலாப்பூர் வழியாகப் போகும் அந்தத் துண்டை 1877-78-ல் வெட்டினார்கள். தாது வருஷப் பஞ்சம் நடந்த காலம். நிலம் காய்ந்து, ஊரை விட்டுப் பட்டணத்துக்குப் பிழைக்க வந்த ஜனங்களுக்குப் பஞ்ச நிவாரண வேலையாகக் கொடுத்தது அது. பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று. மண்வெட்டி பிடித்தவர்கள் நம்மைப் போன்ற உழவர்கள்.

அப்புறம் எத்தனையோ வருஷம் அந்தக் கால்வாயில் நெல்லும் உப்பும் விறகும் படகில் வந்து இறங்கின. மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்று ஒரு காய்கறிச் சந்தை இன்றும் இருக்கிறது. படகுத் துறையால் வந்த பெயர் என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று அது எனக்கு ஒரு தகவலாகக்கூடத் தோன்றவில்லை. 1966 புயலும் 1976 புயலும் கால்வாயைத் தூர்த்தன. லாரி வந்தது. பிறகு பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். 1997-ல் திருமயிலை வரைக்கும் ரயில் வந்துவிட்டது. 2008-ல் இதே கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்தார்கள். மயிலாப்பூரில் இன்று அதில் ஓடுவது சாக்கடைதான்.

தி.நகர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர்ப்பலகை இருக்கிறது. ஏரியைத்தான் காணோம். ஏரி இருந்த மண்ணின் மேல் நாற்காலி போட்டு, நான் நீர்ப்பாசனக் கடன் கொடுத்திருக்கிறேன்.

விழுந்து எழுந்து கற்றது

முதல் நாள் பயிற்சித் தம்பி செய்த முதல் காரியம், எங்களை வேண்டுமென்றே கவிழ்த்தது. "கவிழ்ற பயம் போனாத்தான் கை வேலை செய்யும்" என்றார். லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பதால் மூழ்க மாட்டோம். படகின் குறுக்கே வயிற்றைப் போட்டு ஏறி, புரண்டு, பிறகு உட்கார வேண்டும். கிணற்றில் நீச்சல் பழகிய தைரியத்தில் போன நான், நாலாவது தடவைதான் ஏறினேன். பேரன் சிரித்த சிரிப்பு கோவளம் வரைக்கும் கேட்டிருக்கும்.

துடுப்புப் போடுவதிலும் ஒரு பாடம். புதிதாக வருகிறவர்கள் கையால் இழுப்பார்கள். அரை மணியில் தோள் விட்டுப்போகும். இடுப்பைத் திருப்பித்தான் தள்ள வேண்டும். கதிர் அறுக்கிறவர்கள் கையால் மட்டுமா அறுக்கிறார்கள்? இடுப்பும் காலும் சேர்ந்துதானே வேலை செய்கிறது. அது புரிந்ததும் எனக்குச் சுலபமாகிவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். நாலாவது வாரம், ஒரு இரவு தங்கி வரும் பயணம். மொத்தம் எட்டுப் பேர், நாலு இரட்டைப் படகு.

தெற்கே எட்டு கிலோமீட்டர்

விடியற்காலை ஆறு மணிக்கு முட்டுக்காட்டில் இறங்கினோம். பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று எழும்பினால் புதியவர்களால் படகை நேராக வைத்துக்கொள்ள முடியாது. அதனால் காலையிலேயே தூரத்தைக் கடந்துவிட வேண்டும்.

முட்டுக்காட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தென்சென்னையில் பெய்யும் மழை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, இங்கேதான் கடலைத் தொடுகிறது. மழைத் தண்ணீரோடு வேளச்சேரியும் பெருங்குடியும் கழித்துவிட்டதும் சேர்ந்து வரும். மழை முடிந்து முகத்துவாரம் திறந்திருக்கும் தை, மாசியில் கடல் உள்ளே வந்து வந்து கழுவுவதால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. வெயில் காலத்தில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் அதே இடத்தில் நாற்றம் எடுக்கும்.

கோவளம் - கேளம்பாக்கம் சாலைப் பாலத்தைத் தாண்டியதும் ஊர் சத்தம் அடங்கிவிட்டது. மேற்கே உப்பளம். அதன் ஓரத் தண்ணீரில் பூநாரைகள் வரிசையாக நின்றன. கயாக் சத்தம் போடாது. பறவை நம்மை மரக்கட்டை என்று நினைத்துக்கொள்கிறது.

இன்னும் கொஞ்ச தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து இருளர் பெண்கள். பனை ஓலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. படகை ஓரமாக ஒதுக்கினோம். "பாத்து போ தாத்தா, அந்தாண்ட கல்லு கீது" என்றார் ஒரு அம்மா. கல்லைத் தப்பித்தேன். இறால் என்ற சொல் மட்டும் என்னை விடவில்லை.

கிணற்றடியில் ஒரு இரவு

பத்தரை மணிக்குள் எட்டு கிலோமீட்டர் முடித்துக் கரையேறினோம். கால்வாய்க்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே மணல் மேட்டில் ஒரு விவசாயியின் நிலம். ஒன்றரை ஏக்கரில் தென்னை, மணிலாக்கொட்டை, கத்தரி. தாழ்வான மூலையில் கொஞ்சம் நெல். பயிற்சித் தம்பிக்குத் தெரிந்தவர். தென்னந்தோப்பில் கூடாரம் போட இடம் தருகிறார், அவர் மனைவி சமைத்துப் போடுகிறார். அதற்குக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். கிளம்பும்போது ஆளுக்கு நாலு தேங்காய், ஒரு படி மணிலாக்கொட்டை என்று விற்றும் விடுகிறார்கள்.

சாயந்தரம் கிணற்றடியில் கை கழுவப் போனேன். "அது வாயில வச்சிராதீங்க சார்" என்றார். ஏன் என்றேன்.

"எங்க அப்பா காலத்துல இந்தச் சுத்துப்பட்டுல இனிச்ச கேணி இதுதான். தொண்ணூத்தி நாலுல பக்கத்து நெலத்துல இறால் குட்டை வெட்டினாங்க. கால்வாய் உப்புத் தண்ணியை மோட்டார் போட்டு ஏத்தி ரொப்பினாங்க. ரெண்டே வருஷம். கேணி கரிச்சிப் போச்சு. அப்புறம் குட்டையில நோய் வந்துச்சு, அவங்க வுட்டுட்டுப் போயிட்டாங்க. கேணி எங்க போவும்? இங்கயேதான் இருக்குது."

பத்து வருஷம் கழித்துத்தான் மாடு அந்தத் தண்ணீரைக் குடித்ததாம். மழைத் தண்ணீரைக் கரை கட்டி நிறுத்தி உப்பை இறக்கி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, தாழ்ந்த மூலையில் உவர் தாங்கும் குழியடிச்சான் நெல் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை மீட்டிருக்கிறார். மனிதர் குடிக்க இன்னும் ஆகவில்லை.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடாரத்தின் தரை உறுத்தியது என்று பேரனிடம் சொன்னேன். விஷயம் அதுவல்ல.

1993 முதல் மூன்று வருஷம் நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தேன். இறால் கடன் அங்கே திருவிழா மாதிரி நடந்த காலம். பதினோரு பண்ணைக்கு நான் சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பத்தில் திருப்பிச் செலுத்தும் திறன் என்று ஒரு பத்தி இருக்கும், ஈடு என்று ஒரு பத்தி இருக்கும், சந்தை என்று ஒரு பத்தி இருக்கும். பக்கத்து நிலத்துக் கிணறு என்று பத்தி கிடையாது. நானும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் இறால் பண்ணைகளை எதிர்த்து ஜனங்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று கிளையில் உட்கார்ந்து பேசியவர்களில் நானும் ஒருத்தன். ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. 2005-ல் தனிச் சட்டம் வந்து, பண்ணைகள் வேறு விதிகளுக்குள் தொடர்ந்தன. அதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. கடன் கணக்கு முடிந்தால் என் கணக்கும் முடிந்தது என்று வந்துவிட்டேன்.

விடிந்ததும் அவரிடம் சொன்னேன். "உங்க ஊர்ல இல்லைங்க. ஆனா இதே மாதிரி பதினோரு குட்டைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவர் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இப்ப இன்னா சார் பண்றீங்க?"

"செய்யூர் பக்கம் இயற்கை விவசாயம்."

"அப்படியா. உங்க கழனித் தண்ணி எங்கே போவுது?"

வருகிற தண்ணீரைக் கேட்கிறார் என்று நினைத்து, ஏரிப் பாசனம், ஒரு போர் என்றேன். "அது இல்ல சார். உங்க கழனியை வுட்டு வெளிய போற தண்ணி. அது எங்கே போவுது?"

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

திரும்பி வந்து பார்த்தது

திரும்பும்போது துடுப்புப் போட்டது பாதி பேரன்தான். நாங்கள் தங்கிய இடத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் நெம்மேலி. 2013-லிருந்து அங்கே கடல் தண்ணீரை உப்பு நீக்கித் தென்சென்னைக்கு அனுப்புகிறார்கள், நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர். 2024-ல் பக்கத்திலேயே இன்னொன்று, பதினைந்து கோடி லிட்டருக்கு. அந்தத் தண்ணீரும் அடையாறு, வேளச்சேரிக் குளியலறைகளுக்குள் போய், சாக்கடையாகி, கால்வாய் வழியே நம் படகடிக்குத்தான் வந்து சேர்கிறது. இதை நான் செய்தித்தாளில் நாலு தடவை படித்திருப்பேன். படகில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் கையால் தள்ளியபோதுதான் மண்டையில் ஏறியது.

ஊருக்கு வந்த மறுநாள், என் நிலத்தின் கடைமடையிலிருந்து வடிகாலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒன்றரை மணி நேரம். பக்கத்துக் கழனிகளின் யூரியாத் தண்ணீர் வந்து சேரும் ஓடை, கலங்கல் ஓடையோடு கலந்து, கிழக்கே பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகிறது. என் மனதில், அவர்கள் ரசாயனக்காரர்கள், நான் சுத்தக்காரன். ஆனால் என் மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிடும் தண்ணீர், சாணமும் மூத்திரமுமாக, ஒரு குழாய் வழியாக அதே வடிகாலில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக. அது இறங்கும் இடத்தில் ஓடைத் தண்ணீர் பச்சையாகப் பாசி பிடித்துக் கிடந்தது. எருவாகப் போக வேண்டியதை நானே விஷமாக அனுப்பியிருக்கிறேன்.

குழாயை அடைத்தேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி எடுத்து, அதிலிருந்து வழிகிற தண்ணீரைக் கல்வாழையும் சேம்பும் நட்ட பாத்தி வழியாகத் தென்னைக்கு விட்டிருக்கிறேன். கடைமடை வரப்பை ஒரு அடி உயர்த்தினேன். மொத்தம் நாலு நாள் வேலை. பதினோரு கையெழுத்துக்கு இது ஈடாகாது. எனக்குக் கைக்கெட்டியது இவ்வளவுதான்.

நீங்கள் போவதானால்

தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இழுக்கும், போகக் கூடாது. முதல் தடவை தெரிந்தவர் துணையில்லாமல் இறங்க வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டை எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கழற்றக் கூடாது. கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும்.

கடல் தண்ணீர் சுமார் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம். அன்றைய நேரத்தை உள்ளூர் மீனவரிடம் கேட்டுக்கொண்டு, நீரோட்டத்தோடு போகும்படி கிளம்புங்கள். முகத்துவாரத்துக்கும் பாலத் தூண்களுக்கும் நெருங்க வேண்டாம். வலை கட்டிய இடத்தில் சுற்றிப் போங்கள். அது ஒருவரின் அன்றாடச் சோறு.

குடிதண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டர். சாப்பாட்டுக்கு நாங்கள் கொண்டுபோனது புளிசோறு, மாப்பிள்ளைச் சம்பா அவல், கடலை உருண்டை. துணியும் டார்ச்சும் தண்ணீர் புகாத பையில். கையில் காலில் புண் இருந்தால் அந்தத் தடவை கரையிலேயே இருந்துவிடுங்கள்.

இரவு தங்குவது பட்டா நிலத்தில், உரியவரைக் கேட்டு மட்டும். கால்வாய்க் கரை புறம்போக்கில் கூடாரம் போட வேண்டாம். தண்ணீரிலிருந்து எழுபது, எண்பது தப்படி தள்ளிக் குழி எடுத்து மலம் கழித்து மூடுங்கள். கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கால்வாய், ஆறு, காயல் பக்கம் நிலம் வைத்திருக்கும் நண்பர்கள் தங்க இடம் கொடுக்கலாம். பெரிய செலவு இல்லை: நிழல், சுத்தமான கழிப்பறை, நம் வீட்டுச் சாப்பாடு. பட்டணத்துப் பிள்ளைகள் ஒரு ராத்திரி தங்கினால் அரிசியின் விலையைப் பற்றி அடுத்த தடவை பேரம் பேச மாட்டார்கள். நான் தங்கி வந்த அந்த விவசாயியிடம் இப்போது அடையாறிலிருந்து ஆறு குடும்பங்கள் மாதாமாதம் தேங்காய் வாங்குகின்றன. அதில் ஒன்று என் மகள் வீடு.

வரும் தையில் நம் குழுவிலிருந்து நாலு பேரை அழைத்துப் போவதாக இருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். வருவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: உங்கள் கழனியின் கடைமடையிலிருந்து தண்ணீர் போகிற வழியிலேயே, அது எங்கே போய் நிற்கிறதோ அதுவரைக்கும் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். கிணற்றடியில் அவர் உங்களையும் கேட்பார்.